நடையா, யோகாவா, வீட்டு வேலையே போதுமா? கர்ப்ப காலத்துக்கும் பிரசவத்துக்குப் பிறகும் ஓர் ஒப்பீடு

வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து யோசனைக்குப் பஞ்சமிருக்காது. "பொழுதோட ஒரு நடை போய்ட்டு வா அம்மிணி" என்பார் மாமியார். நங்கையா (அண்ணி முறை) யோகா வகுப்பில் சேரச் சொல்வார். "குனிஞ்சு நிமுந்து வாசல் கூட்டுனாலே போதும், அதுக்குப் போயி காசு குடுப்பாங்களா" என்பது அம்மாவைப் பெற்ற அம்முச்சியின் கட்சி. மூன்று மாதம் முடியும்வரை கட்டிலை விட்டு இறங்காதே என்று பக்கத்து வீட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை வரும். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இத்தனையையும் ஒரே உடம்பு செய்ய முடியாது. சிலது ஒன்றுக்கொன்று முரணும்கூட.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பெண்களுக்கு உண்மையில் கைக்கு எட்டும் வழிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலானவர்களுக்கு நடைதான் அடிப்படை. ஆனால் நடை தொடாத இடங்கள் உடம்பில் இருக்கின்றன. அந்த ஓட்டையை அடைக்க வீட்டிலேயே தினம் பத்து நிமிடம் வேண்டும். மற்ற வழிகளெல்லாம் ஆளையும் சூழ்நிலையையும் பொறுத்தவை.

## எதை வைத்து அளப்பது

மருத்துவர் சம்மதம். இது அளவுகோலுக்கும் முந்திய வாசற்படி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, விட்டுவிட்டு ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, ரத்தக் கொதிப்போடு சிறுநீரில் புரதமும் போனாலோ, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ, கீழே வரும் எதையும் தானாகத் தொடங்கக் கூடாது. இரட்டைக் குழந்தை என்றாலும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மூச்சு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. அதாவது நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். 'மிதம்' என்பதை அறிய மெஷின் வேண்டாம். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறினால் அதிகம்.

இடுப்பு அடித்தசை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தூளி மாதிரி தாங்கிக்கொண்டிருக்கும் தசை இது. தும்மினால் சிறுநீர் கசிவது இது தளர்வதால்தான். கர்ப்பத்திலேயே பயிற்சி தொடங்கினால் பிறகு கசிவு குறைகிறது. நம் ஊர் யோசனைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

விழும் ஆபத்தும் வெயிலும். வயிறு முன்னே தள்ளும்போது உடம்பின் சமநிலை மாறுகிறது. ஹார்மோனால் மூட்டு நார்களும் தளர்கின்றன. கோடையில் கரூரும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டும். முதல் மூன்று மாதத்தில் உடம்புச் சூடு மிகவும் ஏறுவது சிசுவுக்கு நல்லதல்ல.

மறைமுகச் செலவு. ஃபீஸ் மட்டும் செலவாகாது. ஆட்டோ, போக வர நேரம், கூட வர ஓர் ஆள், பிரசவத்துக்குப் பிறகு என்றால் குழந்தையைப் பிடிக்க ஒரு மடி. பாதியில் விட்டுப்போகிறவர்களில் பலர் சோம்பலால் விடுவதில்லை, இந்தக் கணக்கு உதைப்பதால் விடுகிறார்கள்.

## நடை

இதுவரை உடற்பயிற்சி பழக்கமே இல்லாதவர் முதல் வாரம் நாளைக்கு 10 நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30-க்கு வரலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்று பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம், பலன் குறையாது.

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பிரித்த நடைதான் இன்னும் நல்லது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10–15 நிமிடம் நடந்தால், தசை அந்தச் சர்க்கரையை உடனே இழுத்துக்கொள்ளும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140-ஐத் தொட்டவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதும் உணவு மாற்றமும் இதுவும்தான். இன்சுலின் போடுகிறவர் பையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

எங்கே நடப்பது என்பதுதான் சிக்கல். கோவையில் ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர், நடைபாதை, நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு. பெரியகுளம், வாலாங்குளம் கரைகளும் நடக்க ஏற்றவை. திருப்பூரிலோ பல்லடத்திலோ பெரும்பாலான தெருக்களில் நடைபாதையே கிடையாது. லாரியும் நாயும் மாறி மாறி வரும். அங்கே மொட்டை மாடியே மேல். மாடியில் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். தோட்டத்து வீட்டில் இருப்பவர் வரப்பில் நடக்க வேண்டாம், கால் பிசகும். களமோ தார் ரோடோ நல்லது. வெள்ளென இருட்டில் தனியாகக் கிளம்புவதும் வேண்டாம். பாம்பு, நாய் இரண்டுக்கும் அது நேரம்.

பங்குனி முதல் வைகாசி வரை காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மாலை 5.30-க்கு மேல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் நடக்கச் சுகம்தான். கண்ணில் மண் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நடையைக் கெடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பில் வழுக்குகிறது. கர்ப்பத்தில் பாதம் வீங்கும், சிலருக்கு அரை சைஸ் கூடவே ஆகிவிடும். அதனால் ஷூவைச் சாயங்காலம் போய் வாங்க வேண்டும், காலையில் சரியாக இருந்தது மாலையில் கடிக்கும். கழிப்பறை இல்லாத பாதை என்றால் ஏழாம் மாதத்துக்குப் பிறகு யாரும் தொடர்வதில்லை. வெளியே போகிறோமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். வீட்டைச் சுற்றியே குறுகிய சுற்றாக வைத்துக்கொள்வதுதான் தீர்வு.

சமதளத்தில் நடந்ததற்கே மூச்சு வாங்கி, படபடப்பு வந்து, உள்ளங்கை வெளுத்திருந்தால் வேகத்தைக் குறைப்பதோடு நிறுத்தாமல் ரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறாததற்குக் காபியும் ஒரு காரணம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எலுமிச்சை ஜூஸ் அல்லது நெல்லிக்காயோடு போட்டால் நன்றாகச் சேரும்.

நடக்கும்போது அடிவயிற்றுக்குக் கீழ் முன்பக்க எலும்பிலோ தொடை இடுக்கிலோ சுருக்கென்று வலித்தால், அது இடுப்பு வளைய வலி. 'நடக்க நடக்கச் சரியாகும்' என்று நீட்டினால் கூடும். அடியைச் சிறிதாக வையுங்கள், படியைத் தவிருங்கள், உட்கார்ந்து உடை மாற்றுங்கள், படுக்கையில் இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்தே திரும்புங்கள். குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்.

## வீட்டு வேலையும் காட்டு வேலையும்

கிணற்றில் நீர் சேந்தி ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்தில் எல்லாமே சுகப்பிரசவம் என்பது நம் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தக் காலத்தில் பிரசவத்திலேயே போனவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. மறுபக்கம், அந்த உழைப்பில் உண்மையிலேயே மூச்சு வாங்கியது. இன்று ஆட்டுக்கல்லின் இடத்தில் கிரைண்டர். மிச்சமிருப்பது நிற்பது, குனிவது, தூக்குவது. மூச்சு அளவுகோலில் இது தேறாது, முதுகுக்கு மட்டும் பாரம் ஏற்றும்.

ஆகவே வீட்டு வேலையைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் நிறுத்தவும் வேண்டாம். நீண்ட கைப்பிடி மாப் இருந்தால் துடைக்கலாம். சீமாற்றால் கூட்டும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். 15 லிட்டர் குடத்தைத் தளும்பத் தளும்ப இடுப்பில் வைக்க வேண்டாம், அது 15 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, அதை நகர்த்துவது வேறு யாருடைய வேலையாகவாவது இருக்கட்டும். பூச்சிமருந்து அடிக்கிற காட்டுப் பக்கமே போகக் கூடாது, மருந்து கலக்கிய பம்பைக் கழுவவும் கூடாது.

பனியன் கம்பெனியிலும் தறிக்கூடத்திலும் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கிறவர்கள், செக்கிங் மேஜையில் குனிந்தே இருப்பவர்கள் கணக்கு தனி. அவர்களிடம் 'சாயங்காலம் அரை மணி நேரம் நட' என்பது வெந்த புண்ணில் வேல். அவர்களுக்கு மாலையில் வேண்டியது இடப்பக்கம் ஒருக்களித்து 20 நிமிடப் படுக்கை, கால் வீக்கத்துக்குக் கணுக்காலை மேலும் கீழும் 30 முறை அசைப்பது, கை முழங்கால் ஊன்றி முதுகை மேலே குவித்து இறக்குவது 10 முறை. நடையைக் காலையில் ஷிப்டுக்கு முன் 15 நிமிடமும் ஞாயிற்றுக்கிழமையில் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம். வேலையிடத்தில் அரை மணிக்கு ஒருமுறை நிலை மாற்றுங்கள். நிற்பவர் ஒரு சிறு ஸ்டூலில் கால்களை மாற்றி மாற்றி வைத்தால் முதுகு வலி குறையும். முதல் இரண்டு பேறுகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு சட்டப்படி உண்டு என்பதும் பல தையல் லைன்களில் இன்னும் போய்ச் சேரவில்லை.

## யோகா வகுப்பு

முதுகு வலிக்கும், தூக்கமின்மைக்கும், வலி நேர மூச்சுப் பழக்கத்துக்கும் யோகா நல்ல வழி. மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேசுவதில் பாதி பயம் போய்விடும், அந்தப் பலனை எந்த அட்டவணையும் காட்டாது. ஆனால் பல வகுப்புகளில் மூச்சு வாங்குகிற அளவு உழைப்பு இருப்பதில்லை. வாரம் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாள் நடை என்று கலப்பதுதான் சரி.

தப்பு நடப்பது பொது வகுப்பில் கர்ப்பிணியையும் சேர்த்து உட்கார வைக்கும்போது. சேருமுன் இவற்றைப் பாருங்கள்: வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை உள்ளே அடக்கிப் பிடிப்பது மூன்றும் கூடாது. குப்புறப் படுக்கும் புஜங்காசனம், தனுராசனம் கூடாது. தலைகீழ் ஆசனங்களும், வயிற்றை இறுக்கி முறுக்கும் திருப்பங்களும் கூடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நீண்ட நேரம் படுக்க வைக்கக் கூடாது. கனத்த கர்ப்பப்பை முதுகுப்புறப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும். சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துச் செய்யலாம். இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்கிற ஆசிரியரிடம் சேருங்கள்.

தாராளமாகச் செய்யக்கூடியவை: பட்டாம்பூச்சி என்கிற பத்த கோணாசனம், பூனை போல முதுகைக் குவித்து இறக்கும் மார்ஜரி ஆசனம், சுவரைப் பிடித்து நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், நாற்காலியைப் பிடித்து ஒரு காலை முன்வைத்து மடக்கி நிற்கும் வீரபத்ராசனம். மூட்டு தளர்ந்திருப்பதால் முன்னைவிட நன்றாக வளைய வரும். அந்த உற்சாகத்தில் கடைசி எல்லைவரை இழுத்தால் இடுப்பு மூட்டு பிறகு பழிவாங்கும். வளைய முடிந்ததில் முக்கால் பங்கு போதும்.

செல்போனில் பார்த்துச் செய்யும் வகுப்பில் ஆட்டோ செலவில்லை, ஆனால் உங்கள் முதுகு வளைந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கேமராவை முகத்துக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய வையுங்கள். பதிவு செய்த வீடியோ என்றால், முதலில் மூன்று மாதம் நேரில் கற்ற பிறகே.

## நீச்சல்

கொங்கு நாட்டுப் பெண்களில் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நினைப்பில் கர்ப்பத்தோடு கிணற்றுப்படி இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். காலிங்கராயன், கீழ்பவானி வாய்க்கால்களில் இழுப்பு உண்டு, அவையும் வேண்டாம்.

நல்ல குளோரின் போட்ட குளம், பெண்களுக்கென்று தனி நேரம், கைப்பிடியுள்ள படி மூன்றும் கிடைத்தால் கர்ப்பத்தின் பின்பாதிக்கு இதற்கு நிகர் இல்லை. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது, கால் வீக்கம் வடிகிறது, விழும் பயம் இல்லை. நீச்சல் தெரியாதவர் மார்பளவு நீரில் 20 நிமிடம் நடந்தாலே போதும். கோவை, திருப்பூர், ஈரோடு நகருக்கு வெளியே இது கிடைப்பது அரிது. பிரசவத்துக்குப் பிறகு, ரத்தப்போக்கு முழுதாக நின்று தையல் ஆறும்வரை, சுமார் 6 வாரம், குளத்தில் இறங்கக் கூடாது.

## ஜிம்மும் பிசியோதெரபியும்

முன்பே எடை தூக்கிப் பழகியவர் நிறுத்த வேண்டியதில்லை. எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, மல்லாந்து தூக்கக் கூடாது. கர்ப்பத்தில்தான் முதல்முறை ஜிம்முக்குப் போகிறேன் என்பவருக்கு இது நேரமில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் மாதக்கணக்கில் போகத் தேவையில்லை. ஒன்றிரண்டு முறை போய் அடித்தசைப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால் கொடுத்த காசுக்கு மேல் வாங்கியாகிவிட்டது. கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போகலாம்.

| வழி | மூச்சு | அடித்தசை, தசை வலு | ஆபத்து | மறைமுகச் செலவு | யாருக்கு மிகப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| நடை | நன்று | தொடாது | வெயில், சாலை, நாய் | ஷூ, கழிப்பறை | பெரும்பாலோருக்கு. சர்க்கரை உள்ளவருக்குக் கட்டாயம் |
| வீட்டு வேலை | குறைவு | தொடாது | குனிதல், பாரம் | முதுகு வலி | பயிற்சிக்கு மாற்றாக யாருக்கும் இல்லை |
| யோகா | சுமார் | ஆசிரியரைப் பொறுத்தது | தவறான ஆசனம் | போக வர நேரம் | முதுகு வலி, தூக்கமின்மை, பயம் |
| நீச்சல் | மிக நன்று | ஓரளவு | வழுக்கும் படி | தூரம், நேரக் கட்டுப்பாடு | கால் வீக்கம், உடல் பருமன், கடைசி மூன்று மாதம் |
| ஜிம் | ஓரளவு | வலுவுக்கு மிக நன்று | மூச்சைப் பிடித்தல் | மாதக் கட்டணம் | முன்பே பழகியவர் |
| பிசியோ | இல்லை | மிக நன்று | இல்லை எனலாம் | ஒன்றிரண்டு பயணம் | கசிவு, இடுப்பு வலி, சிசேரியன் |

## எந்த வழி என்றாலும் கூடவே வரும் பத்து நிமிடம்

அடித்தசை: வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயை உள்ளிழுத்து, அந்த இழுப்பை முன்பக்கம் சிறுநீர்ப் பாதைவரை கொண்டுவாருங்கள். 5 விநாடி பிடித்து 5 விநாடி விடுங்கள், 10 முறை. பிறகு சட்டென்று பிடித்துச் சட்டென்று விடுவது 10 முறை. நாளைக்கு மூன்று வேளை. சில வாரத்தில் பிடிப்பை 10 விநாடிக்கு உயர்த்தலாம். பெரும்பாலோர் செய்யும் தவறு மூன்று: பிட்டத்தை இறுக்குவது, மூச்சை நிறுத்துவது, முழுதாகத் தளர்த்தாமல் அடுத்ததற்குப் போவது. சிறுநீர் போகும்போது நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது, பை முழுதாகக் காலியாகாது.

தொடை, பிட்டம்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, இரண்டு சுற்று. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

தோள், மேல்முதுகு: சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 முறை, இரண்டு சுற்று. ஒரு நாளைக்குப் பல வேளை குழந்தையை மடியில் ஏந்தப்போகும் தோளுக்கு இதுதான் முன்பணம்.

எதைச் செய்துகொண்டிருந்தாலும் ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கடும் தலைவலி வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, விட்டுவிட்டு வயிறு இறுகி வலித்தாலோ அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். சிசு அசைவு குறைந்தாலும் அப்படித்தான்.

## பிரசவத்துக்குப் பிறகு: முழு ஓய்வா, படிப்படியாகவா

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் கட்டுச்சோற்று விருந்து முடிந்து தாய்வீடு போகிற வழக்கத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு: குழந்தையைப் பிடிக்க அம்மா, அம்முச்சி, அப்பச்சி (அம்மாவின் அப்பா) என்று மூன்று மடி. பத்தியச் சாப்பாடு, எண்ணெய் தேய்ப்பு, வேளைக்குத் தூக்கம். இந்த ஓய்வு வேண்டும். ஆனால் 'பச்சை உடம்பு' என்று 40 நாள் கட்டிலிலேயே வைப்பதற்கு விலை இருக்கிறது. பிரசவித்த முதல் 6 வாரத்தில் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம், சிசேரியன் என்றால் இன்னும் அதிகம். அசையாமல் கிடப்பது அதைக் கூட்டும். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று நீரைக் குறைப்பதும் தவறு. மலச்சிக்கல் வந்து முக்கினால் புதுத் தையலுக்கும் அடித்தசைக்கும் கேடு.

ஒப்பிட்டால் படிப்படி முறைதான் மேல். அதற்குத் தாய்வீட்டு ஓய்வைக் குறைக்க வேண்டியதே இல்லை.

முதல் நாளிலேயே படுத்தபடி ஆழ்ந்த மூச்சும் கணுக்கால் அசைப்பும். எழும்போது நேரே நிமிராமல் ஒருக்களித்துக் கையூன்றி எழ வேண்டும். சிசேரியன் ஆனவரும் மருத்துவர் எழச் சொன்னதும் வார்டுக்குள் நடக்க வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொள்ளலாம். சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு அடித்தசைப் பயிற்சி மெதுவாக, வலிக்காத அளவுக்கு. முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் 5–10 நிமிட நடை. மூன்றாம் வாரத்திலிருந்து 10–20 நிமிடம், அதோடு முழங்கால் மடக்கிப் படுத்து முதுகைத் தரையோடு மெல்ல அழுத்துவது, ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குவது. ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பிறகு வலுப்பயிற்சி. ஓட்டமும் குதிப்பும் 12 வாரத்துக்குப் பிறகு, அதுவும் கசிவோ அடியில் கனமோ இல்லாதவருக்கே. சிசேரியன் என்றால் 6 வாரம்வரை குழந்தையைவிட எடை கூடிய எதையும் தூக்க வேண்டாம். மூத்த குழந்தை இருந்தால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவன் ஏறி வரட்டும்.

அளவு மீறியதா என்பதை உடம்பே சொல்லும். மங்கிவந்த போக்கு மறுபடி பளிச்சென்று சிவந்தால், அடியில் ஏதோ இறங்குவது போலக் கனத்தால், இரண்டு நாள் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதாக நனைந்தால் உடனே 108.

### வயிறு கட்டு, பெல்ட், பயிற்சி

பழைய பருத்திச் சேலையில் வயிறு கட்டுவது நம் வழக்கம். கடையில் வாங்கும் பெல்ட் அதன் புது வடிவம். இரண்டும் முதல் சில வாரம் முதுகுக்குத் தாங்கல் தரும், சிசேரியன் வலியைக் குறைக்கும். அவ்வளவுதான். பிரிந்த வயிற்றுத் தசையை அவை சேர்ப்பதில்லை, கொழுப்பைக் கரைப்பதும் இல்லை. இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, தளர்ந்த அடித்தசைமேல் விழுகிறது. கட்டுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள். ஈரமான தையல்மேல் கட்டக் கூடாது.

தசை பிரிந்திருக்கிறதா என்று ஆறாவது வாரத்துக்குப் பிறகு நீங்களே பார்க்கலாம். முழங்கால் மடக்கி மல்லாந்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இறங்கினாலோ, நடுவில் கூரை முகடு போலப் புடைத்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அதுவரை முழுதாக எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி வேண்டாம். அந்தப் புடைப்பைக் கூட்டும்.

இந்த வயிற்றுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும், முதுகு வலிக்கு 'முதுகுல போட்ட ஊசி'யையும் குற்றம் சொல்வது ஊர் வழக்கம். இரண்டுமே நிரபராதிகள். முதுகு வலிக்கு முக்கியக் காரணம் பால் கொடுக்கும்போது குழந்தையை நோக்கிக் குனிந்து உட்காருவது. மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள், முதுகைச் சுவரில் சாயுங்கள்.

பயிற்சியால் பால் குறையாது. சாப்பாட்டைக் குறைத்தால்தான் சிக்கல். முதல் ஆறு மாதம் பாலூட்டுபவருக்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுப்பும் நீடித்தால் அதை எந்த நடையும் தனியாகத் தீர்க்காது. மருத்துவரிடம் சொல்லுங்கள், 14416 என்ற இலவச மனநல எண்ணிலும் பேசலாம்.

## பழக்கம் அறுகிற நாள்

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பும்போதுதான் பலருக்கு எல்லாம் நின்றுபோகிறது. மூன்று மடி இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் மாமியாருக்கு முழங்கால் வலி. கிளம்புவதற்கு முன்பே கணவரோடு நேரத்தைப் பேசி வையுங்கள். காலை ஆறு மணிப் பால் கொடுத்த கையோடு குழந்தை அவரிடம், அடுத்த 40 நிமிடம் உங்களுடையது. மார்பு கனமில்லாமல் நடக்க அதுதான் வசதியான வேளை. போன முதல் வாரம் பாதி நேரம் நடந்தால் போதும். அடித்தசைப் பயிற்சிக்கு மட்டும் யாருடைய மடியும் தேவையில்லை, பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பத்து எண்ணிவிடலாம்.